சீத்தாவா, ராம்சீத்தாவா, முள்சீத்தாவா? பெயரை நம்பாமல் மரத்தை இனங்காணும் வழி

சீத்தா இனத்துப் பழமரங்களில் ஒரே மரத்துக்கு நாலு பெயர் இருக்கும். ஒரே பெயரில் நாலு மரமும் இருக்கும். 'லட்சுமணப் பழம்' என்று ஒருவர் முள்சீத்தாவைச் சொல்வார், இன்னொருவர் செரிமோயாவைச் சொல்வார். 'கஸ்டர்ட் ஆப்பிள்' என்ற ஆங்கிலப் பெயர் இன்னும் மோசம். பழைய தாவரவியல் நூல்களில் அது ராம்சீத்தா, இந்தியாவில் சீத்தா, ஆஸ்திரேலியாவில் அதிமோயா, பிரிட்டனில் பெரும்பாலும் செரிமோயா. ஆகவே பெயரிலிருந்து மரத்துக்குப் போகக் கூடாது. மரத்திலிருந்து பெயருக்கு வர வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்வோம். எல்லாமே அன்னோனா பேரினம்.

- சீத்தா: அன்னோனா ஸ்குவாமோசா
- ராம்சீத்தா: அன்னோனா ரெடிகுலேட்டா
- முள்சீத்தா: அன்னோனா முரிகேட்டா
- செரிமோயா: அன்னோனா செரிமோலா
- அதிமோயா: சீத்தாவும் செரிமோயாவும் சேர்ந்த கலப்பினம்
- மலை முள்சீத்தா: அன்னோனா மோன்டானா
- சதுப்புநிலச் சீத்தா: அன்னோனா கிளாப்ரா

லத்தீன் பெயரின் பின்பாதியைப் பொருளோடு நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்குவாமோசா என்றால் செதில் உடையது, ரெடிகுலேட்டா என்றால் வலைக்கோடு உடையது, முரிகேட்டா என்றால் முள்முனை உடையது, கிளாப்ரா என்றால் மயிரற்றது. கிளாப்ராவைத் தவிர மற்ற மூன்றும் பழத்தோலையே சொல்கின்றன.

தேவையான கருவிகள் சொற்பம்: சென்டிமீட்டர் அளவுகோல், கூரிய கத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, வெள்ளைத் தாள், கைபேசிக் கேமரா.

படி 1: இது சீத்தா இனம்தானா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஓர் இலைக்காம்பைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வடிந்தால் அது அன்னோனா இல்லை. பலா, ஈரப்பலா, சப்போட்டா ஆகியவற்றில் பால் வரும்; அன்னோனாவில் எந்த வகையிலும் வராது.

அடுத்து, பக்கவாட்டில் படர்ந்த ஒரு கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். இலைகள் மாறி மாறி, இடம் வலமாக இரண்டே வரிசையில், ஒரே தளத்தில் அடுக்கியிருக்க வேண்டும். இலை தனி இலை. ஓரத்தில் பல் இருக்காது. காம்படியில் இலையடிச் செதிலும் இருக்காது. சுள்ளியை ஒடித்து இழுத்தால் பட்டை நாராக உரியும்.

பூ இருந்தால் எண்ணுங்கள். புல்லி மூன்று, இதழ்கள் மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு. விதை கிடைத்தால் நீளவாக்கில் பிளந்து கைக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளைப் பருப்புக்குள் பழுப்பு நிறக் கோடுகள் நெளிநெளியாக ஊடுருவியிருக்கும். சீத்தாக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான, மிக நம்பகமான அடையாளம் இதுதான். கடையில் கவரில் விற்கும் விதை எதுவென்று தெரியாதபோது ஒன்றைப் பிளந்து பார்த்துவிட்டு மற்றதை ஊன்றலாம்.

நெட்டிலிங்கமும் மனோரஞ்சிதமும் இதே குடும்பம் என்பதால் மேற்சொன்ன சோதனைகளில் அவையும் தேறிவிடும். வேறுபாடு பழத்தில் இருக்கிறது. அவற்றில் ஒரு பூவிலிருந்து தனித்தனிச் சிறு காய்கள் கொத்தாக வரும். அன்னோனாவிலோ அந்தச் சூலகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பழமாகும்.

முள்சீத்தாவை டுரியான் என்று எண்ணுவோரும் உண்டு. மலாயில் முள்சீத்தாவின் பெயரே 'டுரியான் பெலாண்டா', அதாவது ஒல்லாந்து டுரியான். குழப்பத்துக்கு அடிகோலியதே அந்தப் பெயர்தான். விரலால் தீர்க்கலாம்: முள்சீத்தாவின் முள் மிருதுவானது, அழுத்தினால் வளையும், டுரியான் முள் மரக்கட்டை போலக் கடினமானது, கையைக் குத்தும். டுரியான் இலையின் அடிப்புறம் பொன் அல்லது செம்பு நிறத்தில் மினுங்கும். முள்சீத்தாவில் அது வெளிர்பச்சை.

படி 2: இலை

வெயில் படும் கிளையிலிருந்து, நுனியில் உள்ள இளந்தளிர்களை விட்டுவிட்டு, முற்றிய இலைகள் ஐந்தைப் பறியுங்கள். நிழலில் வளர்ந்த இலை அளவுக்கு மீறிப் பெரிதாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அடிமரத்திலிருந்து கிளம்பும் பக்கக் கன்றின் இலையும் அப்படித்தான். அவற்றை அளந்தால் கணக்கு தப்பும்.

சீத்தா இலை மங்கலான பச்சை, மெல்லியது, பளபளப்பு இல்லாதது. நீளம் 5 முதல் 17 செ.மீ., அகலம் 2 முதல் 6 செ.மீ. நுனி பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அடிப்புறம் சற்றே நீலம் கலந்த வெளிர்பச்சை. ராம்சீத்தா இலை அதைவிட நீண்டு ஒடுங்கியது: 10 முதல் 20 செ.மீ. நீளம், 2 முதல் 5 செ.மீ. அகலம், நுனி கூராக இழுபடும். பக்க நரம்புகள் நெருக்கமாக, நடுநரம்பின் இருபுறமும் 10 முதல் 20 ஜோடி வரை ஓடும். கசக்கினால் சீத்தா இலையைவிடக் கடுமையான, பலருக்குப் பிடிக்காத வாடை வரும். ஆனால் மணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள். இந்த இரண்டின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கவனித்திருப்பீர்கள். ஐந்து இலைகளிலும் நீளத்தை அகலத்தால் வகுத்துச் சராசரி பாருங்கள். மூன்றை ஒட்டியோ குறைவாகவோ வந்தால் சீத்தா பக்கம் சாயும். நான்கை ஒட்டி வந்தால் ராம்சீத்தா பக்கம். இது தீர்ப்பு ஆகாது, வெறும் சாய்வுதான்.

முள்சீத்தாவில் இந்தச் சிக்கல் இல்லை. இலை தோல் போலத் தடித்து, மேற்புறம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும், அடர்பச்சை. அடிப்புறத்தில் நடுநரம்பும் பக்க நரம்பும் சேரும் மூலைகளைக் கைக்கண்ணாடியில் பார்த்தால் சிறு குழிகள் தெரியும். வறட்சிக் காலத்தில் சீத்தா இலை உதிர்த்து நிற்கும்போது முள்சீத்தா பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும்.

செரிமோயா இலை அகன்ற முட்டை வடிவம். அதைத் திருப்பி அடிப்புறத்தைத் தடவினால் வெல்வெட் போல இருக்கும். மெல்லிய பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். அதிமோயா இலை சீத்தாவுக்கும் செரிமோயாவுக்கும் இடைப்பட்டது. அதன் இலையை மட்டும் பார்த்து உறுதி சொல்பவரை நம்ப வேண்டாம்.

சதுப்புநிலச் சீத்தா இலை மயிரே இல்லாமல் வழவழப்பாக இருக்கும். ஆனால் அதற்கு இலையைவிட இடமே பெரிய சாட்சி. உப்பங்கழி, சதுப்பு, ஆற்றோரம் என்று வேர் நீரில் ஊறும் இடத்தில், அடிமரம் பருத்து நின்றால் முதலில் இதையே சந்தேகியுங்கள்.

இலை இருக்கும்போதே செய்யக்கூடிய இன்னொரு சோதனை: சீத்தாவிலும் செரிமோயாவிலும் இலைக்காம்பின் அடிப்பகுதி மொட்டை மூடிக்கொண்டிருக்கும். காம்பைப் பறித்த பிறகுதான் மொட்டு வெளியே தெரியும். இம்மரங்களில் இலை உதிர்ந்த பிறகே புதுத் துளிர் வருவதற்கும், துளிர் வேண்டி இலைகளை உருவிவிடுவதற்கும் காரணம் இதுதான்.

படி 3: பூ

பழம் இல்லாத மரத்தில் மிகத் தெளிவாகப் பேசுவது பூதான். கேள்வி ஒன்றே ஒன்று: உள்ளடுக்கு இதழ்கள் மூன்றும் பெரிதாக இருக்கின்றனவா, அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிட்டனவா?

சீத்தா, ராம்சீத்தா, செரிமோயா, அதிமோயா ஆகியவற்றில் வெளியிதழ்கள் மூன்று மட்டுமே தெரியும். அவை சதைப்பற்றாக, ஒடுங்கி நீண்டு, தலைகீழாகத் தொங்கும். உள்ளிதழ்கள் வெறும் செதிலாகச் சுருங்கியிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. முள்சீத்தா, மலை முள்சீத்தா, சதுப்புநிலச் சீத்தா ஆகியவற்றில் உள்ளிதழ்களும் நன்கு வளர்ந்திருக்கும். ஆறு இதழ்களையும் எண்ணலாம். பூ எட்டாத உயரத்தில் இருந்தால் மரத்தடியில் உதிர்ந்த இதழ்களைப் பொறுக்குங்கள். தோல் போலத் தடித்த, அகன்ற, மஞ்சள் கலந்த இதழ்கள் கிடந்தால் முதல் கூட்டத்தை அப்போதே தள்ளிவிடலாம்.

முதல் கூட்டத்துக்குள் பிரிப்பது இப்படி. சீத்தா பூ ஒற்றையாகவோ, இரண்டு முதல் நான்கு வரையிலான சிறு கொத்தாகவோ, இளங்கிளையில் இலைக்கு எதிர்ப்புறம் வரும். இதழ் 1.5 முதல் 3 செ.மீ., உள்ளே அடியில் ஊதாப் புள்ளி. ராம்சீத்தாவிலும் அதே வடிவம், அதே புள்ளி. ஆனால் கொத்து பெரிது, பத்துப் பூ வரை வரும். செரிமோயா இதழின் வெளிப்புறம் பழுப்பு மயிர் படர்ந்திருக்கும்.

முள்சீத்தாவின் மொட்டு கூம்பு வடிவம், ஒற்றையாக வருவதே வழக்கம். அடிமரத்திலும் தடித்த பழைய கிளையிலும்கூட நேரடியாக முளைக்கும். சதுப்புநிலச் சீத்தாவின் வெளிர்மஞ்சள் இதழின் உட்புற அடியில் சிவப்புக் கறை இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இப்பூக்கள் முதலில் பெண் நிலையில் சற்றே வாய் திறக்கும். பிறகு ஆண் நிலைக்கு மாறும்போது நன்றாக விரிந்து மகரந்தம் உதிர்க்கும். ஒரே மரத்தில் பாதி மூடிய பூவும் முழுக்க விரிந்த பூவும் இருப்பதைக் கண்டு இரண்டு வகை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

படி 4: பழம்

பிஞ்சைப் பார்த்து எதையும் சொல்லாதீர்கள். நெல்லிக்காய் அளவில் எல்லாப் பிஞ்சுகளும் செதில் செதிலாகத்தான் தெரியும். முற்றிய காயில் தோலைப் பாருங்கள்.

சீத்தாவில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகப் புடைத்திருக்கும். முற்றும்போது கண்களுக்கு இடையே உள்ள பள்ளம் விரிந்து வெளிர்மஞ்சளாகும். பழுத்ததை இரண்டு கையாலும் மெல்ல அழுத்தினால் கண் கண்ணாகக் கழன்றுவரும். குறுக்களவு பெரும்பாலும் 5 முதல் 10 செ.மீ. நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பச்சையும் உண்டு, சிவப்பு, ஊதாத் தோல் வகைகளும் உண்டு. சிவப்புச் சீத்தாவை ராம்சீத்தா என்று விற்பது சாதாரணமாக நடக்கும் பிழை.

ராம்சீத்தாவின் தோல் வழவழப்பு. அதன்மேல் ஐங்கோணக் கட்டங்களாக மெல்லிய வலைக்கோடு ஓடும், புடைப்பு இருக்காது. வடிவம் இதயம் போல, 8 முதல் 16 செ.மீ. வரை. மஞ்சள், பழுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் மாறும். உறுதிப்படுத்த நீளவாக்கில் வெட்டுங்கள்: காம்பிலிருந்து உள்ளே நீளும் நார்த்தண்டு ஒன்று தடிமனாகத் தெரியும், காம்பைப் பிடித்து இழுத்தால் அதனோடு சேர்ந்தே வரும். கண் கண்ணாக இது ஒருபோதும் பிரியாது.

அதிமோயாவைச் சீத்தாவாக நினைப்பது எளிது, ஏனென்றால் அதிலும் புடைப்பு உண்டு. பிரிக்கும் சோதனை அழுத்திப் பார்ப்பதுதான். அதிமோயா பழுத்தாலும் கண்கள் உதிராது, சதை ஒரே கட்டியாகக் கத்திக்கு வெட்டுப்படும், விதையும் குறைவு. மயாமியில் 1908இல் வெஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கைமகரந்தச் சேர்க்கையால் இக்கலப்பை உருவாக்கினார். சில பழங்களில் பாதி சீத்தா போலவும் பாதி செரிமோயா போலவும் தெரிவதில் வியப்பில்லை. செரிமோயாவின் தோலிலோ பெருவிரலால் அழுத்திய தடம்போலக் குழிகள் இருக்கும். சில வகைகளில் சிறு புடைப்பும் இருக்கும். அது குளிர்ந்த மலைச்சரிவின் மரம். வெப்பமான சமவெளியில் நன்றாகக் காய்க்கும் 'செரிமோயா' பெரும்பாலும் அதிமோயாவாகவே இருக்கும்.

முள்சீத்தா 10 முதல் 30 செ.மீ. நீளம் வரும், நாலைந்து கிலோ எடைகூட எட்டும். பெரும்பாலும் ஒருபக்கம் கோணலாக இருக்கும். மகரந்தம் சரியாகச் சேராத பக்கம் வளராமல் நின்றுவிடுவதே காரணம். நோய் என்று பயப்பட வேண்டாம், வேறு இனம் என்றும் எண்ண வேண்டாம். சதை வெள்ளை, பஞ்சு போன்ற நார், புளிப்பு. மலை முள்சீத்தா இதன் இரட்டை போல இலையில் ஏமாற்றும், பழத்தில் பிடிபடும். அது உருண்டை, முள் குட்டையாக நெருங்கியிருக்கும், வெட்டினால் சதை மஞ்சள். இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் பழம் வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

சதுப்புநிலச் சீத்தாவின் பழம் பச்சை ஆப்பிள் போல வழவழப்பானது, பழுத்தால் மஞ்சளாகும். நீரில் மிதந்து பரவும். ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் இது தேசிய அளவில் முக்கியமான களையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கெல்லாம் தவறாக இனங்கண்டு நடுவதற்கு இடமே இல்லை.

படி 5: விதை

சீத்தா விதை மினுங்கும் கறுப்பு அல்லது கரும்பழுப்பு. முள்சீத்தா விதை பழத்திலிருந்து எடுத்தவுடன் கறுப்பாக இருந்து, காய்ந்தபின் பழுப்பாக மங்கும். காய்ந்த விதையின் நிறத்தை மட்டும் வைத்து 'இது வேறு விதை' என்று சொல்வது இதனால்தான் தவறிப்போகிறது. சதுப்புநிலச் சீத்தாவும் மலை முள்சீத்தாவும் தொடக்கத்திலிருந்தே வெளிர்பழுப்பு.

இந்த விதைகள் எவற்றையும் அரைக்காதீர்கள். குறிப்பாகச் சீத்தா விதைத் தூள் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் கருவிழிப் புண்ணும் வரும். பேன் மருந்தாகத் தலையில் தேய்த்து இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. சோதனைக்கு வெட்டிய கத்தியையும் கையையும் உடனே கழுவுங்கள்.

பெயர்ச் சிக்கலை அவிழ்ப்பது

மரத்தை இனங்கண்ட பிறகு பெயருக்கு வரலாம். ஈழத்தமிழில் இவ்வினப் பழத்தை அன்னமுன்னா என்பார்கள். ஆத்தா என்ற வழக்கும் உண்டு. இரண்டுமே ஓரினத்துக்கு மட்டும் உரியவை அல்ல, எனவே 'முள் உண்டா, கண் பிரியுமா' என்று அடுத்த கேள்வி கேட்டாக வேண்டும்.

இந்தியில் 'சீதாஃபல்' என்பது பல இடங்களில் சீத்தா, ஆனால் வடபகுதியில் அதே சொல் பரங்கிக்காயையும் குறிக்கும். சமையல் குறிப்பை மொழிபெயர்ப்பவர் இதில் விழுவது சகஜம். 'ராம்ஃபல்' பெரும்பாலும் ராம்சீத்தா. 'லக்ஷ்மண்ஃபல்', 'ஹனுமான்ஃபல்' இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும். அவற்றை எந்தச் சான்றாகவும் கொள்ளாதீர்கள். வங்காளியில் ஆதா என்றால் சீத்தா, நோனா என்றால் ராம்சீத்தா. இந்த நோனாவுக்கும் நம் நுணாவுக்கும் உறவில்லை. நுணாவும் நோனியும் காப்பிக் குடும்பத்து மரங்கள், இலைகள் எதிரெதிராக வரும். கண்டவுடன் தெரிந்துவிடும்.

ஸ்பானிய மொழியில் குவானாபனா, போர்ச்சுக்கீசியத்தில் கிராவியோலா, பிரெஞ்சில் கொரொசோல், இந்தோனேசிய மொழியில் சிர்சாக்: நான்குமே முள்சீத்தாதான். மருந்துக் கடைகளில் 'கிராவியோலா' என்ற பெயரில் வரும் இலைத்தூளும் அதுவே. அதில் உள்ள அன்னோனாசின் என்ற வேதிப்பொருள் நரம்புச் செல்களைப் பாதிப்பது. கரீபியத் தீவான குவாதலூப்பில், இப்பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் பார்கின்சனை ஒத்த நோய் காணப்படுவதை 1999இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. வேற்றுமொழிப் பெயரில் வந்ததால் வேறு மூலிகை என்று எண்ணி மாதக்கணக்கில் குடிப்பது ஆபத்து.

நாற்று வாங்கும்போது

நர்சரியில் 'என்ன செடி' என்று கேட்டால் பெயர்தான் கிடைக்கும். தாய்மரப் பழத்தின் படம் கேளுங்கள்: முழுப்பழம், நீளவாக்கில் வெட்டியது, இரண்டும். விதை நாற்றா ஒட்டுச் செடியா என்று கேளுங்கள். அதிமோயாவின் விதையிலிருந்து வந்த நாற்று தாயைப் போல இருக்காது. பெயரட்டை சரியாக இருந்தாலும் பழம் வேறாகும்.

ஒட்டுச் செடியில் ஒட்டுப்போட்ட தழும்பைத் தேடிப் பாருங்கள். அதற்குக் கீழிருந்து துளிர்க்கும் கிளை வேர்ச்செடியுடையது; ராம்சீத்தாவும் சதுப்புநிலச் சீத்தாவும் வேர்ச்செடியாகப் பயன்படுபவை. இரண்டு மூன்று ஆண்டு கழித்து 'சீத்தா நட்டேன், வழவழப்பாகக் காய்க்கிறது' என்று வரும் புகாரில் பல இப்படி மேல்பகுதி பட்டுப்போய், கீழ்த்துளிர் மரமானதுதான். தழும்புக்குக் கீழே வரும் துளிரைத் தோன்றியவுடன் கிள்ளிவிடுங்கள்.

பதிவு செய்து கேட்பது

ஐயம் தீராவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்ப ஆறு படங்கள் வேண்டும்: முழு மரம், இலையின் மேற்புறம், அடிப்புறம், கிளையில் இலை அடுக்கு, ஒரு வெளியிதழை விலக்கி உள்ளே தெரியும்படி பூ, நீளவாக்கில் வெட்டிய பழம். இலை, பூ, பழப் படங்களில் அளவுகோலை அருகில் வையுங்கள். கடல்மட்டத்திலிருந்து மரம் நிற்கும் இடத்தின் உயரம், நீர் தேங்குமா, வறட்சியில் இலை உதிர்க்குமா என்று மூன்று வரி எழுதுங்கள். கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் ஓர் இலைப் படத்தை வைத்தே பதில் சொல்லிவிடுகின்றன. சீத்தா, ராம்சீத்தா, அதிமோயா மூன்றுக்கும் இலை எவ்வளவு நெருக்கம் என்று மேலே பார்த்தோம். செயலி சொல்லும் பெயரை விடையாக எடுக்காமல், சோதிக்க வேண்டிய ஒரு சந்தேகமாக எடுத்துக்கொண்டு படி 3க்குப் போங்கள்.